மவுண்டிங்கை நானே மாற்றினேன்

என் அண்ணன் கார் மெக்கானிக். தம்பின் டவுனுக்கு வெளியே, கெமாஸ் போகும் சாலையில் சொந்தமாக வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவரின் தங்கை ஒரு வருடத்துக்கு மேலாகக் குலுங்குகிற காரை ஓட்டிக்கொண்டிருந்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது என் கணவர் வாங்கிய கார். வெள்ளை நிறம், ஆட்டோ கியர். வாங்கும்போதே பழசு. அவர் லாரி ஓட்டினார். செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போகிற லாரி. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும் மிஞ்சினோம். நான் செம்பனைத் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்வதால், தொழிலாளர்களுக்குத் தரும் லயத்து வரிசை வீடு எங்களுக்கு இருந்தது. இன்னும் இருக்கிறது.

கருமாதி முடிந்த அன்றே அண்ணன் பேச்சை எடுத்தார்.

"இங்க என்ன இருக்கு? பக்கத்து வீட்டுக்காரனுங்க எல்லாம் வெளிநாட்டுக்காரனுங்க. நீ தாமான்ல நம்ம வீட்டுக்கு வந்துடு. மேல ரூம் சும்மாதான் கெடக்கு."

"அத்தை?"

"அவுங்களுக்கு ஜொகூர்ல மக இருக்காங்க லா."

ஜொகூரில் இருக்கும் நாத்தனார் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாத மேல்மாடி வீட்டில் இருக்கிறார். அத்தைக்குச் சர்க்கரை. இடது காலில் ஆறாத புண். வாரத்தில் இரண்டு மூன்று தடவை தம்பின் கிளினிக்குக்குப் போய் கட்டுப் பிரித்துக் கட்ட வேண்டும். அண்ணன் இதையெல்லாம் தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார். நான் வரவில்லை என்றேன். அவர் அதை என் கடைசிப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கார் குலுங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் ஆட்டம். ஸ்டியரிங் கையில் நடுங்கும். கண்ணாடியில் பின்னால் நிற்கிற லாரி இரண்டு மூன்றாகத் தெரியும். ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றினால் காலுக்கடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் ‘டொக்’ என்று ஒரு சத்தம். தம்பின் டவுனில் விளக்குக் கம்பத்தைக் கண்டதுமே அத்தை பல்செட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். கடகடவென்று ஒன்றோடொன்று மோதுகிறதாம்.

காரை அண்ணனிடம் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்தார். ஒரு கையை என்ஜின் மேல் வைத்துப் பார்த்தார். மூடினார்.

"என்ஜின் போச்சு தங்கச்சி. முழுசா எறக்கி ஓவர்ஹால் பண்ணணும். இந்தக் காருக்கு அதெல்லாம் வேஸ்ட். வித்துடு."

அடுத்த தடவை போனபோதும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த தடவை, "சாவியைக் குடுத்துட்டுப் போ. நான் ஆள் பார்த்து வித்துத் தரேன். உன்னை நான் வீட்டுல எறக்கி விடறேன்" என்று கையை நீட்டினார். நான் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு போய்க் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பினில் வேறொரு வொர்க்‌ஷாப்பில் விட்டுப் பார்க்கலாம் என்று போனேன். அங்கே இருந்தவர் என் வயதுக்காரர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார். உள்ளே போய் யாருடனோ போனில் பேசினார். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன் க்கா. தானே பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. நான் கை வெச்சா நல்லா இருக்காது."

"கார் என்னுது. அண்ணனுது இல்ல."

"அது சரி க்கா... ஆனா ஒரே தொழில்ல இருக்கோம் பாருங்க."

அந்த டவுனில் யாருமே என் காரைத் தொடப்போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். கோபம் அப்படி.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்ஜின் தெரியாது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் சிரம்பானில் குளிர்சாதனப் பெட்டியின் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற ஃபேக்டரியில் பல வருடம் வேலை செய்தவள். எதை முதலில் முடுக்க வேண்டும், எதைக் கடைசியில் இறுக்க வேண்டும், துருப்பிடித்த நட்டுக்கு எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் அது உடையும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். குலுங்குகிற காருக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று போனில் தேடினேன். ஒரு வீடியோவில் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை மாற்றினார். இன்னொருவர் என்ஜின் எப்படித் துள்ளுகிறது என்று காட்டினார். அதைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடினேன்.

"அத்தை, வாங்க. டிரைவர் சீட்டுல உக்காருங்க."

"நானா? எதுக்கு?"

"பிரேக்க மிதிக்கணும்."

அத்தை தன் வாழ்நாளில் ஸ்டியரிங் பிடித்ததில்லை. இந்தத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் பட்டையை வெட்டிப் பால் எடுத்தவர், பால்மரம் போய் செம்பனை வந்ததும் மருந்தடித்தவர். காலைக் கீழே பார்த்தார்.

"புண்ணு இருக்கே, புள்ள."

"புண்ணு இடது கால்ல. பிரேக்கு வலது காலுக்கு."

அதில் ஒரு நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தார். நான் நான்கு சக்கரத்துக்கும் செங்கல் வைத்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்து என்ஜினை ஓடவிட்டேன். காருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கியரை மாற்றினேன். அத்தை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி பிரேக்கை மிதித்தார்.

படுத்திருக்கும் எருமை எழுந்திருப்பதுபோல் என்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கியது. ரிவர்ஸுக்கு மாற்றினேன், மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. டொக்.

என்ஜின் காரின் இரும்பின்மேல் நேராக உட்காருவதில்லை. இரும்பும் ரப்பரும் சேர்த்துச் செய்த நான்கு துண்டுகள் நான்கு பக்கமும் அதைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அதன் ஆட்டம் காருக்குள் வராமல் அந்த ரப்பர் வாங்கிக்கொள்கிறது. மவுண்டிங் என்று சொல்வது அதைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது பக்கத்து மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்து, உள்ளேயிருந்த எண்ணெய் ஒழுகிக் கறுப்பாக வழிந்திருந்தது. முன்பக்கத்தில் இருந்தது இரண்டாகப் பிளந்து கிடந்தது. என்ஜினில் புகை இல்லை, ஆயில் குடிப்பதில்லை, ஏற்றத்தில் இழுக்கிறது. இது எப்படிப் போன என்ஜினாகும்?

"என்ன புள்ள? செத்துப்போச்சா?" என்றார் அத்தை, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல்.

"இல்ல அத்தை. நல்லா இருக்கு. புடிச்சிக்க ஆளில்லாம ஆடுது."

தம்பினில் சாமான் வாங்க எனக்கு விருப்பமில்லை. வாங்கி முடிப்பதற்குள் அண்ணனுக்குப் போன் போய்விடும். கெமாஸுக்குப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு சீனர் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். கார் மாடலையும் வருடத்தையும் சொன்னதும் நான்கு மவுண்டிங்கையும் மேசையில் எடுத்து வைத்தார். யார் பூட்டப்போகிறார்கள் என்று மலாயில் கேட்டார். நான் என் நெஞ்சைத் தொட்டு, "சாயா" என்றேன். நான்தான்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்து, பதிலுக்கு என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "போலே லா" என்றார். முடியும் என்று அர்த்தம். எழுந்து உள்ளே போய் நீளமான புதுப் போல்ட்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து அதே பையில் போட்டார். பழைய போல்ட் துருப்பிடித்திருக்கும், கழற்றினால் திரும்பப் போடாதே, நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதே, ஒன்றைப் பூட்டிய பிறகே அடுத்ததைக் கழற்று என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

கணவரின் லாரி ஜாக் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஸ்பானர் பெட்டியும் இருந்தது. காரைத் தூக்கி நிறுத்த இரும்பு ஸ்டாண்ட் இரண்டு மட்டும் புதிதாக வாங்கினேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் போவது மடத்தனம். அத்தைக்கு ஒரு சாவு போதும்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வந்து சாப்பிட்டுவிட்டு, கணவரின் பழைய நீளச் சட்டையை மாட்டிக்கொண்டேன். தகரக் கூரைக்கடியில் கார் நின்றது. என்ஜினுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து, அதற்கடியில் ஜாக்கை வைத்து, தாங்குகிற அளவுக்கு மட்டும் ஏற்றினேன். மேலே இருக்கும் வலதுபக்க மவுண்டிங்தான் முதலில். நட்டுகள் சொன்ன பேச்சு கேட்டன. பழையதை வெளியே எடுத்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த ரப்பரை விரலால் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ணெ நாத்தம்தான் வருது. பாலு வாசனை கொஞ்சமும் இல்ல" என்று முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்.

புதியதை வைத்தால் துளை நேராக வரவில்லை. என்ஜினைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், என் இரண்டு கையும் போல்ட்டில் இருந்தது.

"அத்தை, அந்தக் கம்பிய மேலயும் கீழயும் அசைங்க. மெதுவா."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜாக் கம்பியைப் பிடித்தார். "இப்படியா?"

"இன்னும் கொஞ்சம்... போதும், போதும்! கொஞ்சம் எறக்குங்க. அந்தச் சின்னத் திருகாணிய இப்படித் திருப்பினா எறங்கும்."

போல்ட் தானாகவே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

இருட்டுவதற்குள் இரண்டு முடிந்தது. ஞாயிறு காலையில் காரை ஸ்டாண்டில் ஏற்றி, முன்பக்கத்து மவுண்டிங்கையும் மாற்றினேன். பின்பக்கத்தில் இருப்பதுதான் கொடுமை. என்ஜினுக்கும் டிரைவர் கால் வைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. மேலிருந்து கை போகாது. கீழே படுத்துக்கொண்டு, பார்க்காமல், தொட்டுத் தொட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். அதன் நீளப் போல்ட் துருவேறி இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது. துரு இளக்குகிற எண்ணெயை அடித்தேன். காத்திருந்தேன். மறுபடியும் அடித்தேன். ஸ்பானர் வழுக்கி விரல்முட்டியின் தோல் உரிந்தது. அத்தை மஞ்சள் வைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். கையைக் கழுவினால் அன்றைக்கு மறுபடியும் கீழே படுக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் அண்ணனின் வண்டி வந்து நின்றது. தோட்டத்திலிருந்து போன யாரோ, ‘உங்க தங்கச்சி காரக் கழட்டிப் போட்டுட்டு அடியில கெடக்கு’ என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"வெளிய வா."

"வேலை இருக்குண்ணே."

"வெளிய வா சொல்றேன். மேல விழுந்தா என்னா ஆவும்?"

"ஸ்டாண்ட் போட்டிருக்கேன். செங்கல் வெச்சிருக்கேன். குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. பிறகு அவர் கண் ஸ்டூல் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்த பழைய மவுண்டிங்குகள்மேல் போனது.

"மவுண்டிங்னு யாரு சொன்னா?"

நான் முதுகால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். "நீங்க சொல்லல."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். செம்பனை வரிசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மொதோ நாளே எனக்குத் தெரியும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தேகம் இருந்ததுதான். ஆனாலும் அவர் வாயிலிருந்தே அது வந்தபோது அடி வாங்கினதுபோல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சேவா தம்பி இத்தன நாளா என் பல்லைக் கழட்ட வெச்சீங்க?"

அண்ணனுக்குப் புரியவில்லை. நான் புரியவைக்கவும் இல்லை.

"எதுக்குண்ணே?" என்றேன்.

"எதுக்கா? ஒரு அவசரம்னா இங்க யாரு இருக்கா உனக்கு? மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் வந்து சேர்றதுக்குள்ள என்னா ஆச்சு? மறந்துட்டியா? நீயும் அப்படிப் போயிடக்கூடாது லா. காரு இல்லன்னா வந்துடுவேன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அந்தப் பயம் பொய்யில்லை. என் கணவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றியவர் அவர்தான். அது எனக்கு எப்போதும் நினைவிருக்கும். ஆனால் அந்த அன்பை அப்படியே வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அதற்காக என் வீட்டை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"காலை ஒடிச்சுப் போட்டா வீட்டோட கெடப்பேன்னு நெனச்சீங்களா? காரு இல்லன்னா மோட்டார் சைக்கிள் ஓட்டுவேன். மோட்டார் இல்லன்னா மெயின் ரோடு வரைக்கும் நடந்து பஸ் ஏறுவேன். அத்தைய முதுகுல தூக்கிட்டுன்னாலும் போவேன். உங்க மேல் ரூமுக்கு மட்டும் வர மாட்டேன்."

"நான் கெட்டவனா?"

"இல்ல. ஆனா பொய் சொன்னீங்க. என் மொகத்தப் பாத்து, என் காரப் பாத்து, பொய் சொன்னீங்க. டவுன்ல எவனும் தொடக்கூடாதுன்னு போன்ல சொன்னீங்க. அது அக்கறை இல்லண்ணே. அது கயிறு."

அவர் சட்டைக் கையை மடித்தார். ஸ்பானருக்குக் கை நீட்டினார்.

"சரி, தள்ளு. அந்தப் பின்னாடி போல்டு உன்னால ஆவாது. நான் முடிச்சுக் குடுக்கறேன்."

"கை வெக்காதீங்க."

"தங்கச்சி..."

"கை வெக்காதீங்கண்ணே. தொடுறதா இருந்தா ஒரு வருஷத்துக்கு முன்னாடி தொட்டிருக்கணும்."

கிளம்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அலூர் ஓரமாக ஒரு கட்டையில் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் வாய்க்காலை அலூர் என்றுதான் சொல்வோம். அத்தை அவருக்குப் பால் ஊற்றாத தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தார். தொழில்காரனால் அடுத்தவர் செய்வதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் ஸ்பானரை மாட்டினால், "அப்படி இல்ல" என்பார். எண்ணெய் அடித்தால், "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்பார். ஒரு கட்டத்தில் நான் காருக்கடியிலிருந்தே, "அத்தை, அந்த ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வையுங்க" என்றேன். அத்தை வைத்தார். பழைய பாட்டு லயம் முழுக்கக் கேட்டது.

பக்கத்து வீட்டுப் பையனிடம் குலை வெட்டும் கம்பின் உடைந்த துண்டு ஒன்று இருந்தது. உள்ளே குழாய் மாதிரி இருக்கும், கனமே இருக்காது, ஆனால் வளையாது. முந்தின நாளே அதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதை ஸ்பானரின் கைப்பிடிமேல் மாட்டினேன். இப்போது பிடி நீளமாகிவிட்டது. இரண்டு காலையும் காரின் சக்கரத்தில் உதைத்துக்கொண்டு, கம்பை என் நெஞ்சுப் பக்கமாக இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு. என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். அவை அண்ணனுக்காகவும் இருந்தன, செத்துப்போன கணவருக்காகவும் இருந்தன.

‘படக்’ என்று ஒரு சத்தம்.

போல்ட் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்த அண்ணனும் அதைத்தான் நினைத்திருப்பார், தேநீர் சிந்திவிட்டது. மெதுவாக விரலால் தொட்டுப் பார்த்தேன். தலை இருந்தது. திருப்பினேன். திரும்பியது. இளகி, ஒவ்வொரு சுற்றாக, துருவைத் தூளாக உதிர்த்துக்கொண்டு வெளியே வந்தது. என் முகமெல்லாம் துரு. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தேன், அழுதேனோ என்னவோ. ரேடியோ சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

புதிய மவுண்டிங்கை நேர்ப்படுத்தும்போது மறுபடியும் ஜாக் தேவைப்பட்டது. அண்ணன் வேகமாக வந்து கம்பியைப் பிடிக்கப் போனார்.

"நகருங்க தம்பி. அது என் வேலை" என்றார் அத்தை.

அவர் நகர்ந்தார். அத்தை ஏற்றினார், இறக்கினார், நான் போல்ட்டைச் செருகினேன். எல்லாவற்றையும் முதலில் லேசாக முடுக்கி, காரைக் கீழே இறக்கி, என்ஜினை ஓடவிட்டு அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, அணைத்துவிட்டுக் கடைசியாக இறுக்கினேன். ஃபேக்டரியில் பழகிய பழக்கம், எதையும் ஒரே பக்கமாக முதலில் இறுக்கக்கூடாது.

"ஏறுங்க" என்றேன் அண்ணனிடம்.

அவர் முன்கதவைத் திறந்தார். "அது அத்தை சீட்டு" என்றேன். பின்னால் போய் உட்கார்ந்தார். வொர்க்‌ஷாப் முதலாளி, முழங்காலை மடக்கிக்கொண்டு பின்சீட்டில். செம்மண் சாலையில் மெயின் ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். கியரை மாற்றும்போதெல்லாம் அவர் கழுத்தை நீட்டிக் காதைக் கொடுத்தார். டொக் சத்தம் இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார்.

"முன்னாடி உள்ள போல்டு இன்னும் ஒரு சுத்து எடுக்கும்."

"எடுக்காது."

"எடுக்கும் லா."

"எடுக்காதுண்ணே."

அவர் வண்டி வளைவில் மறைந்ததும் நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்தேன். எடுத்தது. அரைச் சுற்றுதான். ஒரு சுற்று இல்லை.

அடுத்த கிளினிக் நாள் தம்பின் டவுனில் சிவப்பு விளக்கில் நின்றோம். அத்தை வழக்கம்போல் கைப்பையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"புள்ள, என்ஜினு நின்னுபோச்சு."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அத்தை."

நம்பவில்லை. டேஷ்போர்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்து, நான் காரை எடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நாள் பேசவில்லை. நானும் போன் போடவில்லை. அண்ணிதான் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். வொர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். குறை சொல்வதுபோல ஆரம்பித்து, முடிக்கும்போது பெருமையாக முடிகிறதாம். "போனை அவர்கிட்ட குடுக்கட்டுமா?" என்றார். "வேணாம் அண்ணி. பேசணும்னா அவரே கூப்பிடட்டும்" என்றேன். கூப்பிட்டார். மழையைப் பற்றியும் அத்தையின் காலைப் பற்றியும் கேட்டார். கடைசியில், மேல் அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பதாகச் சொன்னார். நல்ல கலர்தானா என்று கேட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இனிமேலும் கேட்பார் என்று தெரியும். கேட்கட்டும்.

தோட்டம் கைமாறப்போகிறது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. லயத்தை இடிப்பார்கள் என்கிறார்கள், இடிக்க மாட்டார்கள் என்கிறார்கள். இடித்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். எங்கே போவது என்று நானும் அத்தையும் உட்கார்ந்து பேசுவோம். எங்கள் இருவரைத் தவிர அதில் பேச யாருக்கும் இடமில்லை.

போன மாதம் என்ஜின் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. வேண்டுமென்றே அண்ணனின் வொர்க்‌ஷாப்புக்கே போனேன். காரை வெளியே நிறுத்திவிட்டு, மற்றவர்களைப் போல மேசை முன்னால் போய் நின்றேன்.

"காரை உள்ள வுடு. நான் ஊத்தித் தரேன்" என்றார்.

"வேணாண்ணே. டின்ன மட்டும் குடுங்க. ஃபில்டரும்."

"நான் ஊத்தினா என்னா?"

"நான் ஊத்தினா என்னா?"

கடையிலிருந்த பையன்கள் குனிந்துகொண்டார்கள். அண்ணன் அலமாரியிலிருந்து டின்னை எடுத்தார், ஃபில்டரை எடுத்தார், சரியான நம்பர்தானா என்று திருப்பிப் பார்த்தார். இரண்டையும் அவரே தூக்கிக்கொண்டு வந்து காரின் பின்பெட்டியில் வைத்து மூடினார். நான் காரில் ஏறினேன்.